நிறைமாதத்தில் எமர்ஜென்சிக்கு ஓட நேர்ந்தால்: எந்த வாசல், என்ன வார்த்தை

முப்பத்தாறாவது வாரம், ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்தே குழந்தையின் அசைவு மந்தம். மத்தியானம் படுத்து எழுந்தேன், அப்போதும் அப்படித்தான். இரவு எட்டே காலுக்கு, மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் ஒரு மருத்துவமனையின் எமர்ஜென்சி கவுண்டரில் நின்றுகொண்டு, "பெரோட் ராசா தாக் செலேசா" என்றேன். வயிறு ஒரு மாதிரியாக இருக்கிறது, அவ்வளவுதான். கவுண்டரில் இருந்தவர் அதை அப்படியே கணினியில் தட்டினார். பச்சை மண்டலம் (அவசரம் குறைந்தவர்கள் காத்திருக்கும் பகுதி), நம்பர் சீட்டு, போய் உட்காருங்கள்.

உட்கார்ந்தேன். பக்கத்தில் கணுக்கால் சுளுக்கிய ஒரு பையன், எதிரே இருமிக்கொண்டே இருந்த ஒரு சீன முதியவர். என் கணவர் மூன்று தடவை எழுந்து போய்க் கேட்டார். மூன்று தடவையும் "துங்கு செபெந்தார்" என்றார்கள். கொஞ்சம் பொறுங்களாம். குழந்தையின் இதயத்துடிப்பைக் காதால் கேட்டபோது மணி பத்தே முக்கால். குழந்தை நன்றாக இருந்தது. அதற்காக அந்த இரண்டரை மணி நேரம் சரியாகிவிடாது.

ஒரு வாரம் கோபமாகவே இருந்தேன். அப்புறம் நிதானமாக யோசித்துப் பார்த்ததில், அவர்கள் தப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், என் பக்கமும் இரண்டு இருந்தன. நான் போனது தப்பான வாசல். சொன்னது தப்பான வார்த்தை. யாரும் இதை எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வளைகாப்புக்கு வந்த அத்தனை அத்தைமாரும் குங்குமப்பூவைப் பற்றிப் பேசினார்களே தவிர, இரவு எட்டு மணிக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று ஒருவர்கூடப் பேசவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதுகிறவள். உங்கள் டாக்டரோ கிளினிக் மிஸ்ஸியோ (நர்ஸ்) உங்களுக்கென்று வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

முதல் படி: முப்பதாவது வாரத்துக்குள் வாசலைக் கண்டுபிடியுங்கள்

பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளைப் பார்க்கத் தனி இடம் உண்டு. பேஷண்ட் அசெஸ்மென்ட் சென்டர் என்பார்கள், சுருக்கமாக பிஏசி. பிரசவ அறையை ஒட்டியே இருக்கும். கர்ப்பம் 22 வாரம் தாண்டியிருந்து, பிரச்சினையும் கர்ப்பம் சம்பந்தப்பட்டதாக இருந்தால், பல மருத்துவமனைகளில் எமர்ஜென்சிக் கூட்டத்தில் உட்காராமல் நேராக அங்கே போகலாம். அங்கே இருப்பவர்கள் நாள் முழுக்க நிறைமாதக்காரிகளை மட்டுமே பார்க்கிறவர்கள். குழந்தை அசையவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த வார எண்ணிக்கையும் வழியும் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். அதனால் அடுத்த செக்கப்பில் மிஸ்ஸியிடம் நேராகக் கேளுங்கள்: எனக்கு நடுராத்திரியில் ஏதாவது ஆனால் நான் எந்த மருத்துவமனைக்கு, எந்த வாசலுக்கு வர வேண்டும்? இரவு பத்து மணிக்கு மேல் அந்தக் கதவு திறந்திருக்குமா? பதிலை, கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தின் பின் அட்டையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். சிரிக்காதீர்கள், இது முக்கியம். தீவில் இருப்பவர்கள் ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பினாங்கு மருத்துவமனை, பெருநிலத்தில் இருப்பவர்கள் செபராங் ஜெயா மருத்துவமனை என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். பெயர் தெரிந்தால் போதாது. எங்கே காரை நிறுத்துவது, எந்த லிஃப்ட், எந்த மாடி, 'டேவான் பெர்சாலின்' என்ற பலகை எங்கே தொங்குகிறது, இதெல்லாம் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பகலில் பத்து நிமிடம் நடந்து பார்த்தால் இரவில் அரைமணி நேரம் மிச்சம்.

தனியாரில் பார்க்கிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். டாக்டரின் கிளினிக் நம்பர் இரவில் அடிக்காது. பிரசவ அறையின் நேரடி நம்பரைக் கேட்டு வாங்குங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: குறைமாதக் குழந்தை பிறந்தால் வைத்துப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கே இருக்கிறதா? இல்லை என்றால், முப்பத்திரண்டாவது வாரத்தில் வலி வந்து அங்கே ஓடினால் பரிசோதித்துவிட்டு அரசாங்க மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். அந்தப் பயணத்தை முன்னாலேயே மிச்சம் பிடிக்கலாம்.

இரண்டாவது படி: பிங்க் புத்தகம்

அரசாங்க தாய்சேய் கிளினிக்கில் கொடுக்கும் அந்தப் புத்தகம்தான் உங்கள் வாய். தனியாரிலேயே முழுக்கப் பார்க்கிறவர்களும் கிளினிக்கில் ஒரு தடவை பதிந்து அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்த வகை, ஸ்கேன் அளவு, போன பிரசவத்தில் என்ன நடந்தது என்று எல்லாமே ஒரே இடத்தில் இருக்கும். இரவு டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்கு உங்களைத் தெரியாது. புத்தகத்தைத் தெரியும்.

அட்டையில் ஒட்டியிருக்கும் வண்ண ஸ்டிக்கர்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை என்றால் ஆபத்து குறைவு. பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் ஸ்பெஷலிஸ்ட் வரை போக வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. உங்கள் நிறம் என்ன, ஏன் அந்த நிறம் என்று ஒரு வரியில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நம் பெண்களில் நிறைய பேருக்கு அந்த இனிப்புத் தண்ணீர் டெஸ்டில் சர்க்கரை ஏறி நிறம் மாறியிருக்கும். அதைக் குறையாக நினைத்து மறைக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கவுண்டரில் அதுதான் உங்கள் டிக்கெட்.

ரத்த வகையையும் பாருங்கள். நெகட்டிவ் என்றால் (மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடையே இது கொஞ்சம் அதிகம்) ரத்தப்போக்கு ஏற்பட்டாலோ வயிற்றில் அடிபட்டாலோ 72 மணி நேரத்துக்குள் ஓர் ஊசி போட வேண்டியிருக்கலாம். நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

புத்தகத்தின் முக்கியப் பக்கங்களை போனில் படம் எடுத்து கணவருக்கும் அனுப்பி வையுங்கள். ஐசி (அடையாள அட்டை), புத்தகம், போன் சார்ஜர், ஒரு தண்ணீர் போத்தல், இரண்டு பெரிய பேட், ஒரு ஸ்வெட்டர். எமர்ஜென்சிக் காத்திருப்பறையின் ஏர்கான் பற்றி தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

மூன்றாவது படி: எப்போது கிளம்புவது

இதில்தான் நான் ஒரு முழுப் பகலைத் தொலைத்தேன். அதனால் குழந்தையின் அசைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

28 வாரத்திலிருந்து அசைவை எண்ணச் சொல்லி புத்தகத்திலேயே ஓர் அட்டவணை இருக்கும். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, பத்து அசைவு வந்ததும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 12 மணி நேரத்தில், அதாவது இரவு ஒன்பதுக்குள், பத்து வராவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான் இதைப் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டேன். "இன்னும் ஒன்பது ஆகலையே, ஏழு வந்துடுச்சே" என்று கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தேன். அது தப்பு. ஒன்பது மணி என்பது கடைசி எல்லை, காத்திருக்க வேண்டிய நேரம் இல்லை. தினமும் பதினொரு மணிக்குள் பத்தைத் தொடும் குழந்தை இன்று மூன்று மணிக்கு நான்கில் நிற்கிறது என்றால், அந்த மாற்றமே போதும், கிளம்பலாம்.

என் மாமியார் அன்பானவர். அன்று அவர் சொன்னது: "தலை இறங்கிடுச்சும்மா, இனிமே இடம் ஏது, அப்படி உதைக்காது." ஊரில் எல்லா மாமியாரும் இதையேதான் சொல்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. கடைசி வாரங்களில் அசைவின் வகை மாறலாம். உதை குறைந்து உருளுவது, நெளிவது அதிகமாகலாம். ஆனால் அசைவு குறையக் கூடாது. பிரசவம் வரைக்கும் அசைய வேண்டும்.

அடுத்தது மைலோ. "ஐஸ் மைலோ ஒரு கிளாஸ் குடி, இடது பக்கம் படு, தானா துள்ளும்." நான் குடித்தேன். ஒரு துள்ளல் துள்ளியது, நிம்மதியாகத் தூங்கிவிட்டேன், இரண்டு மணி நேரம் போனது. சந்தேகம் இருந்தால் இடது பக்கம் சாய்ந்து படுத்து, டிவியை அணைத்துவிட்டு, கையை வயிற்றில் வைத்துக் கவனியுங்கள், சரி. ஆனால் அசைவு நிஜமாகவே குறைந்திருக்கிறது என்று மனசு சொல்லிவிட்டால் குளிர்பானத்தை நம்பி உட்காராதீர்கள். இணையத்தில் விற்கும் இதயத்துடிப்புக் கருவியையும் நம்பாதீர்கள். அது துடிப்பு இருக்கிறது என்று மட்டும்தான் காட்டும், குழந்தை நலமாக இருக்கிறதா என்று காட்டாது. உங்கள் ரத்தக்குழாய்ச் சத்தத்தையே குழந்தையின் துடிப்பு என்று நினைத்து ஏமாறவும் வாய்ப்பு உண்டு.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவற்றில் யோசிக்கவே எதுவும் இல்லை. ரத்தம் பட்டால் போக வேண்டும். வலியே இல்லாத ரத்தமும் ஆபத்துதான், நஞ்சுக்கொடி கீழே இருந்தால் அப்படித்தான் வரும். வயிறு கல் மாதிரி இறுகி, தளரவே இல்லை என்றால் உடனே. பனிக்குடம் உடைந்து தண்ணீர் வந்தால், வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். பேட் வைத்து நிறத்தைப் பாருங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், அங்கே நிமிடக் கணக்கு. அந்த பேடைத் தூக்கிப்போடாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கூச்சமெல்லாம் பிறகு.

தலைவலி. பனடோல் (பாராசிட்டமால்) போட்டும் போகாத தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது. இதில் எது இருந்தாலும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 தொட்டாலே போய்க் காட்ட வேண்டும். 160/110 என்றால் வலிப்பு வரக்கூடிய நிலை. கால் வீக்கம் மட்டும் என்றால் நிறைமாதத்தில் சகஜம்தான், ஆனால் அதை வைத்து மற்றதையும் சகஜம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் முதல் நாளே போங்கள். நம் ஊரில் டெங்கி எப்போதும் உண்டு, கர்ப்பிணிக்கு அது விளையாட்டு இல்லை. பனடோல் தவிர வேறு வலி மாத்திரை எதையும் நீங்களாகப் போடாதீர்கள். உள்ளங்கை, உள்ளங்கால் ராத்திரியில் தாங்க முடியாமல் அரித்தால் அதையும் அலட்சியம் செய்ய வேண்டாம், கல்லீரல் சம்பந்தமாக இருக்கலாம். மாடிப்படியில் சறுக்கினால், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தால், வலி இல்லை என்றாலும் போய்க் காட்ட வேண்டும்.

வலியைப் பொறுத்தவரை, 37 வாரம் ஆகாமல் விட்டு விட்டு ஒழுங்காக வலி வந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 37 தாண்டியிருந்து, முதல் பிள்ளையாக இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வர ஆரம்பித்தால் கிளம்பலாம். பொய்வலி என்றால் நடந்தாலோ குளித்தாலோ அடங்கிவிடும், இடைவெளி கண்டபடி இருக்கும். இரண்டாவது பிள்ளை, முன்பு ஆபரேஷன், வீடு தூரம் என்றால் இன்னும் சீக்கிரமாக.

நான்காவது படி: போய்ச் சேருவது

999 எப்போது? ரத்தம் ஓடுகிறது, வலிப்பு, மயக்கம், மூச்சுத் திணறல், குழந்தையின் தலை தெரிகிறது, அல்லது தொப்புள்கொடி வெளியே வந்துவிட்டது. இந்தக் கடைசி நிலையில் முழங்காலும் மார்பும் தரையில் படும்படி, பின்பக்கம் மேலே தூக்கியிருக்கும்படி கவிழ்ந்து கொள்ளுங்கள். கொடியை உள்ளே தள்ள முயலாதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் கார் போதும், பெரும்பாலும் அதுதான் வேகமும்கூட. நீங்களே ஓட்ட வேண்டாம். சீட் பெல்ட் வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் போக வேண்டும்.

பினாங்குக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு தலைவலி பாலம். பெருநிலத்தில் குடியிருந்துகொண்டு தீவில் டாக்டர் பார்க்கிறீர்கள் என்றால், மாலை ஆறு மணி ஜாமில் 13.5 கிலோமீட்டர் பாலத்தின் நடுவே வலி எடுப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் சரி. ஃபெர்ரியில் இப்போது கார் ஏறாது. பாலத்தின் உங்கள் பக்கத்திலேயே இரண்டாவது மருத்துவமனை ஒன்றை மனதில் வைத்திருங்கள். வழக்கமான டாக்டர் வேண்டும் என்ற ஆசை, ரத்தம் பட்ட இரவில் வேண்டாம்.

தைப்பூசத்தை ஒட்டித் தேதி இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. தேர் கிளம்பும் நாளில் லிட்டில் இந்தியாவிலிருந்து தண்ணீர்மலை வரை சாலைகள் மூடப்படும், தண்ணீர்ப்பந்தல்களால் மூடாத சாலையும் நகராது. என் தோழி ஒருத்தி தண்ணீர்மலைப் பக்கத்தில் குடியிருந்தாள். அந்த வாரம் முழுக்க அம்மா வீட்டில் போய் இருந்தாள். கெட்டிக்காரி.

ஐந்தாவது படி: கவுண்டரில் முதல் வாக்கியம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதுவாக இருக்கட்டும்.

கவுண்டரில் இருப்பவருக்கு உங்களைத் தரம் பிரிக்க ஓரிரு நிமிடம்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை (இது ஸ்டிக்கர் நிறம் இல்லை, அவசரத்தின் அளவு). அவர் உங்கள் முகத்தையும் முதல் வாக்கியத்தையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார். நம் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கஷ்டத்தைக் குறைத்துச் சொல்லுவோம். "ஒண்ணுமில்ல, சும்மா செக் பண்ணிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்போம். பிறகு நாம் சொன்னதையே அவர்கள் நம்பிவிட்டார்கள் என்று கோபப்படுவோம்.

வாக்கியத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எத்தனை வாரம், என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து, உங்களுக்கு ஏற்கனவே என்ன சிக்கல். அதே வரிசையில். கவுண்டரில் மலாய்தான் ஓடும். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர்கள் இதை மனப்பாடமே செய்துகொள்ளலாம்:

"சாயா மெங்கண்டுங் தீகா புலோ எனாம் மிங்கு. பேபி குராங் கெராக் செஜாக் பாகி. சாயா அடா கென்சிங் மானிஸ்."

முப்பத்தாறு வாரம், காலையிலிருந்து குழந்தை அசைவு குறைவு, எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ரத்தம் என்றால் "தூருன் டாரா". பனிக்குடம் என்றால் "ஆயிர் கெத்துபான் பெச்சா". கடுமையான தலைவலியும் கண் மங்கலும் என்றால் "சாக்கிட் கெப்பாலா தெரோக், மாத்தா காபோர்". சொல்லும்போதே புத்தகத்தை எடுத்து, ஸ்டிக்கர் மேலே தெரியும்படி கவுண்டரில் வையுங்கள். கைப்பையில் வைத்துக்கொண்டு "கேட்டால் கொடுக்கலாம்" என்று நிற்காதீர்கள். நான் அப்படித்தான் நின்றேன். பத்தரை மணிக்கு ஒரு மூத்த மிஸ்ஸி என் பக்கமாக நடந்து போனார். பையிலிருந்து பிங்க் அட்டையின் ஒரு மூலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நின்றார். "எத்தனை வாரம்?" என்றார். சொன்னேன். "அடோய்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு, வீல்சேரை அவரே தள்ளிக்கொண்டு வந்தார். அந்த இரண்டரை மணி நேரத்தையும் அந்த மூலைதான் முடித்து வைத்தது.

உடன் வருபவர் பேசுவதாக இருந்தால் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்து விடுங்கள். என் கணவர் பதற்றத்தில் எங்கள் ஃபிளாட் லிஃப்ட் வேலை செய்யாததிலிருந்து கதையை ஆரம்பித்தார்.

வாக்கியத்தைச் சொன்னதும் உடனே கேட்க வேண்டியது: நான் இங்கே காத்திருக்க வேண்டுமா, நேராகப் பிரசவ அறைக்குப் போக வேண்டுமா?

ஆறாவது படி: காத்திருக்க வைத்தால்

சில நேரம் எல்லாம் சரியாகச் செய்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். உள்ளே ஒருவருக்கு உயிர் போய்க்கொண்டிருக்கலாம், அது நமக்குத் தெரியாது. ஆனால் சும்மா காத்திருக்க வேண்டாம்.

நேரத்தைப் போனில் குறியுங்கள்: வந்தது, பதிந்தது, ரத்த அழுத்தம் பார்த்தது. ரத்த அழுத்தம்கூடப் பார்க்காமல் உட்கார வைத்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். சிறுநீர் கேட்பார்கள் என்று தெரியும், அதனால் கழிப்பறைக்குப் போகும் முன் ஒரு குப்பி கேளுங்கள். மல்லாந்து சாயாதீர்கள், இடது பக்கம் சாயுங்கள். ரத்தப்போக்கோ பலத்த வலியோ இருந்தால் கேட்காமல் எதையும் சாப்பிட வேண்டாம், ஆபரேஷன் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

நிலைமை மாறினால் எழுந்து போய்ச் சொல்லுங்கள். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால் "கொஞ்ச நேரம்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக மாற்றத்தைச் சொல்லுங்கள்: "வந்ததிலிருந்து ஒரு அசைவுகூட இல்லை. என்னைத் திரும்பப் பார்க்க முடியுமா?" மோசமாகிவிட்டது என்பதற்கு "மாக்கின் தெரோக்". முதலில் பச்சை என்றால் கடைசி வரை பச்சை என்று சட்டம் இல்லை, திரும்பத் தரம் பிரிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கத்துவதைப் பற்றி. என் கணவர் நான்காவது தடவை குரலை உயர்த்தினார். செக்யூரிட்டி வந்தார். அதற்குப் பிறகு கவுண்டரில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் கத்தல் நோயாளியை முன்னால் கொண்டுபோகாது. கணவர் உடனே, "வா, வேற ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று என் கையைப் பிடித்து எழுப்பினார். நான் பாதி எழுந்தும்விட்டேன். இது ஆபத்தான இடம். இங்கே காத்த நேரம் போய், அங்கே போய்ப் புதிதாக வரிசையில் நிற்க வேண்டும், நடுவில் சாலை வேறு. ரோஷத்துக்காகக் கிளம்பாதீர்கள். கிளம்பியே தீர வேண்டும் என்றால், அங்கே போனில் பேசி, அவர்கள் வரச் சொன்ன பிறகு, இங்கே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். டாக்டர் பார்த்துத் தங்கச் சொன்ன பிறகு போவதாக இருந்தால் ஏஓஆர் என்ற தாளில் கையெழுத்து கேட்பார்கள். உங்கள் சொந்தப் பொறுப்பில் போகிறீர்கள் என்று அர்த்தம். எதற்காகத் தங்கச் சொல்கிறார்கள், போனால் என்ன ஆகலாம் என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும்.

ஏழாவது படி: உள்ளே போன பிறகு

பெரும்பாலும் கணவரை வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். போனில் சார்ஜ் ஏன் வேண்டும் என்று இப்போது புரியும்.

வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டுவார்கள். ஒன்று குழந்தையின் துடிப்புக்கு, இன்னொன்று கர்ப்பப்பை இறுகுவதற்கு. இதுதான் சிடிஜி. குறைந்தது 20 நிமிடம் ஓடும். குழந்தை தூங்கினால் கோடு தட்டையாக வரும், இன்னும் 20 நிமிடம் ஓட்டுவார்கள், பயப்பட வேண்டாம். கையில் ஒரு பட்டன் கொடுத்து அசையும்போதெல்லாம் அழுத்தச் சொல்லலாம். அன்று முதல் தடவை அந்தக் குதிரை ஓடுகிற சத்தம் கேட்டபோது பட்டனை அழுத்துவதையே மறந்துவிட்டேன். அப்புறம் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், தேவைப்பட்டால் ஸ்கேன், கர்ப்பப்பை வாய் திறந்திருக்கிறதா என்று கைப் பரிசோதனை. கைப் பரிசோதனைக்கு முன் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள், அந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது.

குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால் தொடையில் ஊசி போடுவார்கள், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக. உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் அந்த ஊசியால் சர்க்கரை ஏறும், அதனால் படுக்க வைத்துக் கவனிப்பார்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்றால் மூன்று கேள்வி: என்ன பார்த்தீர்கள், எது இல்லை என்று உறுதியானது, எது நடந்தால் நான் திரும்ப வர வேண்டும்? பதிலைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். சிடிஜி இன்று நன்றாக இருந்தால் இன்றைக்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். நாளை மறுபடி அசைவு குறைந்தால் மறுபடி போக வேண்டும். "போன தடவையே ஒண்ணுமில்லன்னு அனுப்பினாங்க, திரும்பப் போனா சிரிப்பாங்க" என்ற வெட்கம்தான் மிக மோசமானது.

பணம்

குடிமக்களுக்கு அரசாங்க எமர்ஜென்சியில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). தனியாரில் முன்பணம் கேட்பார்கள். மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்பீட்டு அட்டை) இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். பெரும்பாலான கார்டுகள் கர்ப்பம் சம்பந்தப்பட்ட செலவை ஏற்பதில்லை, இன்றே போன் செய்து கேட்டுவிடுங்கள். உயிர் ஆபத்து என்றால் பணத்தைக் காரணம் காட்டி வாசலில் நிறுத்தக் கூடாது. தனியார் மருத்துவமனைகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 586) உயிர்காக்கும் அவசர சிகிச்சையைத் தரும் கடமையை அவர்கள் மேல் வைத்திருக்கிறது. குடியுரிமை இல்லாத மனைவிமார் பாஸ்போர்ட், விசா, திருமணச் சான்றிதழ் நகல்களைப் புத்தகத்தோடு சேர்த்தே வையுங்கள். கட்டணம் வேறாக இருக்கும், முன்னாலேயே கிளினிக்கில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: புகார்

உடம்பு தேறிய பிறகு எழுதுங்கள், ஆனால் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம். அரசாங்க மருத்துவமனை என்றால் அங்கேயே பொதுமக்கள் தொடர்புப் பிரிவு இருக்கும், இல்லாவிட்டால் சுகாதார அமைச்சின் சிஸ்பா இணையதளத்தில் பதியலாம். தனியார் என்றால் முதலில் மருத்துவமனைக்கே எழுத்துமூலம். பதில் திருப்தி இல்லை என்றால் தனியார் மருத்துவத்தைக் கண்காணிக்கும் அமைச்சின் பிரிவுக்கு. டாக்டரின் நடத்தை பற்றி என்றால் மலேசிய மருத்துவ மன்றம்.

நான் முதலில் எழுதியது நான்கு பக்கம். அதில் 'மனிதாபிமானமே இல்லாத' என்ற சொல் ஐந்து தடவை இருந்தது. என் அக்கா படித்துவிட்டு, "இது புலம்பல், புகார் இல்ல" என்றாள். ஒரு பக்கமாகச் சுருக்கினோம். தேதி, 8.15க்கு வந்தது, சொன்ன வாக்கியம், 36 வாரம் என்று யாரும் கேட்காதது, மூன்று தடவை விசாரித்த நேரங்கள், 10.45க்கு சிடிஜி. கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை: வயிறு தெரியும் பெண் வந்தால் எத்தனை வாரம் என்று கவுண்டரில் முதலில் கேளுங்கள். அந்த மூத்த மிஸ்ஸிக்கு நன்றியும் ஒரு வரி. பதில் ஒன்றரை மாதம் கழித்து வந்தது. வருந்துகிறோம், கவனத்தில் கொள்கிறோம் என்று இரண்டு பத்தி. கவுண்டரில் ஏதாவது மாறியதா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, 38ஆவது வாரத்தில், இன்னொரு தடவை போக வேண்டி வந்தது. அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு நான்கு அசைவுதான். மாமியார் மைலோ டின்னை எடுத்தார். நான் பையை எடுத்தேன். இந்தத் தடவை வாசல் தெரியும், லிஃப்ட் தெரியும். புத்தகத்தை ஸ்டிக்கர் தெரிய வைத்து, அந்த வாக்கியத்தைச் சொன்னேன். மிஸ்ஸி தலையை நிமிர்த்தவே இல்லை, கட்டிலை மட்டும் கையால் காட்டினார். பெல்ட் கட்டி முடித்தபோது போனைப் பார்த்தேன். வந்து ஒன்பது நிமிடம். கணவரிடமிருந்து ஒரு செய்தி: "கார் நிறுத்திட்டேன். எந்த மாடி?"